கையடக்கக் கமராவும் நெடுந்தூரப் பார்வையும்

ஒரு பொருளை வாங்கப் புகுவோருள் அதன் விலையை வினவுவோர் பலர். அஃது எதற்கு என வினவுவோர் சிலர். கமரா வாங்குவோரிடத்து இக்குறை சற்று மிகுதியாகவே காணப்படுகின்றது. கடைக்காரர் 40 மடங்கு என்றால் 30 மடங்கு உடையது தாழ்ந்ததென்றும், 125 மடங்கு என்றால் 40 மடங்கு உடையது பயனற்றதென்றும் எண்ணிவிடுகின்றோம். சட்டைப்பையில் அடங்கத்தக்க சிறு கமராவில், தொலைவை அண்மையாக்கும் ஸூம் வில்லையை நாடுவோர் எவற்றைக் கருதித் தேர்தல் வேண்டும் என்பதை ஈண்டு ஆராய விழைகின்றோம். எமது மாத்தளை மாவட்டத்தில் வாழ்வோரையும், பிறநாடுகளிலிருந்து விடுமுறைக்கு வந்து தாம் பயின்ற கல்லூரிக்கு ஏதேனும் கொடுத்துச் செல்ல விரும்பும் பழைய மாணவரையும் சிறப்பாக மனத்திற் கொண்டே இதனை எழுதுகின்றோம்.

முதலில் ஒரு தடை எழும். கையிலே தொலைபேசி இருக்கக் கமரா எதற்கு? இத்தடை நியாயமானதே. 1975 ஆம் ஆண்டில் கொடாக் நிறுவனத்துப் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் அமைத்த இலக்கமுறைக் கமரா மூன்றரைக் கிலோகிராமுக்கு மேற்பட்ட நிறையுடையது. ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிய அதற்கு 23 செக்கன் வேண்டியிருந்தது. அதிலிருந்து வளர்ந்த தொழில் 2010 ஆம் ஆண்டில் உச்சத்தை எட்டிற்று. அவ்வாண்டில் யப்பானிய நிறுவனங்கள் வில்லை கழற்றப்படாத சிறு கமராக்களை 10 கோடிக்கு மேல் உலகெங்கும் அனுப்பின. 2023 ஆம் ஆண்டில் அத்தொகை 20 இலட்சத்துக்குங் கீழே இறங்கிற்று. வீழ்த்தியது கைத்தொலைபேசியே என்பதை யாவரும் அறிவர். அருகிலுள்ள முகம், வகுப்பறை, விருந்து, வீதி ஆகியவற்றுக்குத் தொலைபேசி போதும். ஆதலின் அவற்றுக்கெனக் கமரா வாங்குதல் வீண் செலவு என்பதை ஒளியாது கூறிவிடுகின்றோம்.

ஆனால் தொலைபேசியின் பலம் அருகிலே உள்ளது. மிக மெல்லிய அதன் உடலுக்குள் நீண்ட வில்லைத் தொகுதியை அடக்க இடமில்லை. விலையுயர்ந்த சிலவற்றில் 3 அல்லது 5 மடங்குக்கு உண்மையான வில்லை உண்டு. அதற்கப்பால் அது காட்டும் பெருக்கம், படத்தின் நடுப்பகுதியை வெட்டி எடுத்து ஊதிப் பெரிதாக்குவதே. இல்லாத நுணுக்கத்தைக் கணிப்பினால் இட்டு நிரப்பினும், பறவையின் இறகு இறகாகத் தோன்றாது வர்ணம் பூசியது போலத் தோன்றும். எனவே இன்று சிறு கமரா ஒன்றை வாங்குவதற்கு எஞ்சியுள்ள தக்க காரணம் தொலைதூரப் பார்வை ஒன்றே எனலாம்.

இனி, மடங்கு என்பது யாது? வில்லையின் மிகக் குறைந்த குவியத் தூரத்தினால் மிகக் கூடிய குவியத் தூரத்தை வகுக்க வருவதே அம்மடங்கு. 24 மில்லிமீற்றரில் தொடங்கி 720 இல் முடிவது 30 மடங்கு. 30 இல் தொடங்கி 900 இல் முடிவதும் 30 மடங்கே. முன்னது அகலத்தை நன்கு காட்டும். பின்னது தூரத்தை மேலும் நெருக்கும். மடங்கை மாத்திரம் கேட்டவர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வர். ஆதலின் கடையிற் கேட்க வேண்டியது மடங்கன்று. தொடக்கமும் முடிவும் எவை என்பதே. பழைய 35 மில்லிமீற்றர்ப் படச்சுருளுக்கு ஒப்பிட்டே இவ்வெண்கள் கூறப்படுகின்றன என்பதையும் நினைவிற் கொள்க.

இவ்வெண்களைக் காட்சியாக்கிப் பார்ப்பது எளிது. நூறு மீற்றருக்கு அப்பால் ஒரு மரம் நிற்பதாகக் கொள்வோம். 24 மில்லிமீற்றரில் அவ்விடத்தில் 150 மீற்றர் அகலமான காட்சி படத்தில் அடங்கும். 200 இல் 18 மீற்றர். 360 இல் 10 மீற்றர். 720 இல் 5 மீற்றர். 2000 இல் இரண்டு மீற்றருக்கும் குறைவு. இலங்கைச் சாம்பல் இருவாய்ச்சி ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் நீளமுடையது. அம்மரக்கிளையில் அது பக்கவாட்டாக அமர்ந்திருப்பின், 720 இல் படத்தின் அகலத்திற் பதினொன்றில் ஒரு பங்கைப் பெறும். அது இன்ன பறவை என அறியவும், அச்சிட்டு வகுப்பிற் காட்டவும் அவ்வளவு போதும். 24 இலோ அது ஒரு புள்ளி. இலையா பறவையா எனப் பிள்ளைகள் வாதாட வேண்டியிருக்கும்.

எமது மாவட்டம் இத்தகைய கருவிக்கு இயற்கை அமைத்த தேர்வு மண்டபம் போன்றது. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர். 2010 ஆம் ஆண்டில் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. றிவர்ஸ்டன் உச்சிக்குச் செல்லும் வீதியில் நின்று நோக்கினால் கருங்கழுகு மரமுடிகளுக்கு மேலே வட்டமிடுவதைக் காணலாம். அதனை அணுகுதல் இயலாது. வடகிழக்கே வஸ்கமுவ தேசியப் பூங்கா; அங்கே யானை உண்டு. யானையைப் படமெடுக்க நெருங்கி உயிரிழந்தோர் செய்தி இந்நாட்டிற் புதிதன்று. அவ்விடத்தில் நீண்ட வில்லை வசதி மட்டுமன்று, உயிர்க்காப்பும் ஆகும். வடக்கே, ஏறத்தாழ 200 மீற்றர் உயர்ந்து நிற்கும் சீகிரியாக் குன்றின் செங்குத்துப் பாறையில் வல்லூறு வாழ்கின்றது. நகரின் நடுவே ஸ்ரீ முத்துமாரியம்மன் கோவிலின் 108 அடி இராசகோபுரம். அதன் மேல்நிலைச் சிற்பங்களை நிலத்திலிருந்து வெறுங் கண்ணாற் பார்த்து முகபாவம் அறிந்தோர் எத்துணைப் பேர்? கையடக்கக் கமராவோ அச்சிற்பங்களைக் கண்ணெதிரே கொணர்ந்து காட்டும்.

எனினும் எல்லாவற்றுக்கும் நீளமே மருந்தென மயங்குதல் ஆகாது. நக்கிள்ஸ் காடுகளில் அன்றி வேறெங்கும் இல்லாத இலைமூக்கு ஓணான் கைக்கெட்டும் தூரத்தில் அசையாது இருக்கும். அதற்கு வேண்டுவது அண்மையிற் கூர்மை காட்டும் வில்லை. மாசி மகத்தன்று அம்மன் கோவிலின் ஐந்து தேர்களும் பவனி வருகையில் கூட்டத்தின் நடுவே பின்வாங்க இடமேது? அதற்கு வேண்டுவது அகலக் கோணம். தொடக்கம் 24 மில்லிமீற்றராக இருத்தல் முடிவு 720 ஆக இருத்தலைப் போலவே முதன்மையானது.

தொலைவைத் தருங் கருவி அதற்குரிய விலையை வேறொரு வழியிற் பெற்றுக்கொள்கின்றது. இதுவே பலர் அறியாதது. நீண்ட வில்லையைச் சிறு உடலில் அடக்க வேண்டுமாயின், ஒளியைப் பெறும் உணரி சிறிதாக இருத்தல் வேண்டும். 30 மடங்கு, 40 மடங்கு என்னும் சிறு கமராக்களின் உணரி ஏறத்தாழ 28 சதுர மில்லிமீற்றர் பரப்புடையது. சிறுவிரல் நகத்திலும் சிறிது. ஓரங்குல வகை எனப்படுவது ஏறத்தாழ 116 சதுர மில்லிமீற்றர். நான்கு மடங்கு பெரிது. மழைநீரைச் சிரட்டையில் ஏந்துவதற்கும் அண்டாவில் ஏந்துவதற்கும் உள்ள வேறுபாடு இவற்றுக்கிடையே உண்டு. மேலும், வில்லையை நீட்ட நீட்ட உள்ளே வரும் ஒளி குறைகின்றது. தொடக்கத்தில் எப் 3.3 ஆக உள்ள துவாரம் முடிவில் எப் 6.4 ஆகுமாயின், ஒளி ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகிவிடும். உச்சி வெயிலில் இது தெரியாது. தம்புள்ளைக் குகைகளிலும், இரவுத் திருவிழாவிலும், மூடுபனி இறங்கிய றிவர்ஸ்டனிலும் தெரியும்.

பண்டைய ஓவியங்கள் உள்ள இடங்களில் பிளாஷ் ஒளியைப் பயன்படுத்துதல் ஆகாது. சில இடங்களிற் படமெடுத்தலே தடை. சீகிரியா ஓவியங்கள் அத்தடைக்குட்பட்டவை. தடையுள்ள இடத்தில் கமராவைப் பைக்குள் வைத்தலே படித்தவர்க்கு அழகு. தடையில்லாத இருண்ட இடத்திலோ பெரிய உணரியே கைகொடுக்கும். நீண்ட வில்லை அங்கே கைவிடும்.

இந்நிலையில் மிக நீண்டதையே வாங்கிவிடுவோம் என்பார்க்கு ஒரு சொல். நிக்கொன் நிறுவனம் 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட பி1000 என்னுங் கமரா 24 இல் தொடங்கி 3000 மில்லிமீற்றர் வரை செல்லும், 125 மடங்கு. நிலவின் குழிகளை அது நன்கு காட்டும். ஆயின் அதன் நிறை 1.4 கிலோகிராம். அஃது எந்தப் பையிலும் அடங்காது. நீண்ட குவியத் தூரத்தில் கையின் மிகச் சிறு நடுக்கமும் பெருநடுக்கமாகும். 720 மில்லிமீற்றருக்குச் செக்கனின் 720 இல் ஒரு பங்கிலும் விரைவாகப் படம் எடுத்தல் வேண்டும் என்பது பழைய விதி. நடுக்கம் தணிக்கும் அமைப்பு இவ்விதியைத் தளர்த்துகின்றது என்பது உண்மை. எனினும் அது எம் கையைத் தணிக்குமேயன்றிப் பறவையின் சிறகைத் தணிக்காது. இன்னொன்று: வில்லை அண்மைக்குக் கொணர்வது பொருளை மட்டுமன்று, இடைநின்ற காற்றையுங்கூட. நண்பகலில் உலர்வலயத்து வெளியில் எழும் கானல் அசைவை எந்த வில்லையும் நீக்காது. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது பழமொழி. கமராவுக்கு அது கலங்கலாகவே கிட்டும். விரலுக்குத் தக்க வீக்கமே வேண்டும்.

ஆகவே எமது தேர்வைக் கூறுவோம். பகலில் மலையும் காடும் பறவையும் கோபுரமும் எடுப்பவர்க்கு 24 முதல் 720 வரை செல்லும் கையடக்கக் கமரா தக்கது. சோனி எச்எக்ஸ்99 (2018), பனசொனிக் டிஸெட்95 (2019), டிஸெட்99 (2025) என்பன இவ்வகையின. 960 வரை செல்லும் கனொன் எஸ்எக்ஸ்740 (2018) இவற்றின் உறவினம். கோவிற் திருவிழாவும் கலைவிழாவும் மண்டப நிகழ்ச்சியும் மிகுதியாக எடுப்பவர் தொலைவை ஓரளவு துறந்து ஓரங்குல உணரியைக் கொள்ளுதல் நன்று. பனசொனிக் டிஸெட்200 (2018) 360 வரையும், சோனி ஆர்எக்ஸ்100 ஏழாவது வடிவம் (2019) 200 வரையும் செல்லும். இரண்டும் வேண்டும் என்பவர்க்கு ஒரு கருவி இன்னும் பிறக்கவில்லை. கல்லூரிக்கென ஒன்றே வாங்குவதாயின், முன்னதையே யாம் விரும்புவோம். இருளிலும் மண்டபத்திலும் தொலைபேசி ஒருவாறு ஈடுசெய்யும். கருங்கழுகுக்கு அது ஈடுசெய்யாது.

வேறு சில சிறு குறிப்புகளும் உள. வெயிலிற் பின்புறத் திரை கண்கூசச் செய்து ஒன்றையும் காட்டாது. கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு சாளரம் உள்ள கமராவை முகத்தோடு அணைத்துப் பிடிப்பதால் நடுக்கமுங் குறையும். எச்எக்ஸ்99, டிஸெட்95, டிஸெட்200 என்பவற்றில் அஃது உண்டு. எஸ்எக்ஸ்740 இலும் டிஸெட்99 இலும் இல்லை. பின்னதிலோ தொலைபேசிகளில் உள்ள யூஎஸ்பி-சி மின்னேற்றித் துளை இருப்பதால் வேறு கம்பி தேட வேண்டியதில்லை. ஒன்றில் உள்ளது மற்றொன்றில் இல்லை. தத்தம் தேவையே துலாக்கோல். இக்கமராக்களில் எதுவும் மழைக்கு அஞ்சாததன்று. வெளியே நீண்டு உள்ளே மடங்கும் வில்லைக் குழல் ஈரத்தையும் தூசியையும் உள்ளிழுக்கும். நக்கிள்ஸ் செல்வோர் அட்டைக்கு உப்பெடுத்துச் செல்வது போலக் கமராவுக்கு ஒரு பொலித்தீன் பையும் எடுத்துச் செல்க.

விலையைப் பேசாது விடுதலும் முறையன்று. 2022 ஆம் ஆண்டில் ஒரு டொலரின் பெறுமதி 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாவளவுக்கு ஏறியதை எவரும் மறந்திலர். இறக்குமதிப் பொருளாகிய கமரா அன்றுதொட்டு ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாத உயரத்திலேயே உள்ளது. ஆதலின் பலர் பழையதை வாங்குவர். அதில் இழுக்கில்லை, ஆராய்ந்து வாங்குதல் வேண்டும். வில்லையை முழுதும் நீட்டி மடக்கி அரைபடும் ஓசை உண்டோ எனக் கேட்க. முழு நீளத்தில் வெண்முகிலை நோக்கி ஒரு படம் எடுத்துக் கரும்புள்ளிகள் உளவோ என நோக்குக. அவை உட்புகுந்த தூசியின் அடையாளம். பற்றரி இந்நாட்டிற் கிடைக்குமா எனவும் உசாவுக. பிறநாட்டிலிருந்து கொண்டுவருவோர், அங்குள்ள உத்தரவாதம் இங்கு செல்லுமா என்பதை வாங்குமுன் கேட்டறிக.

இதுகாறும் கருவியைப் பற்றிக் கூறினோம். இனி, அதனைப் பிடிக்கும் கையைப் பற்றிக் கூறாதொழியின் இக்கட்டுரை அரைகுறையாகும். தொலைவிலிருந்து பார்க்கப்படுதல் என்பது மலையக மக்களுக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கண்டியில் ஸ்கோவன், கொழும்பில் ஸ்கீன் ஆகியோரின் படநிலையங்களும், 1890 இல் தோன்றிய பிளாத்தே நிலையமும் தோட்டத் தொழிலாளரைப் படமெடுத்து விற்றன. அப்படங்கள் அஞ்சலட்டைகளாகவும் தொகுப்புகளாகவும் கடல்கடந்து சென்றன. கொழுந்து பறிக்கும் பெண் என்றும் தமிழ்க் கூலி என்றும் கீழே எழுதினார்கள். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது, அதனை எழுதவில்லை. இன்றும் வீதியோரத்தில் வாகனத்தை நிறுத்தி, மலைச்சரிவில் உழைப்பவரை நீண்ட வில்லையால் இழுத்தெடுத்து, ஒரு சொல்லும் பேசாது செல்வோர் உளர். கருவி மாறிற்று, பார்வை மாறவில்லை.

எமது கல்லூரி மாணவருள் அத்தோட்டங்களின் பிள்ளைகளும் உளர். அவர்கள் கையிற் கொடுக்கப்படும் கமரா அதே பார்வையைப் பழக்குமாயின், அதனைக் கொடாதிருத்தலே நன்று. ஆகவே ஒரு விதி வகுக்கலாம். எவற்றிடம் அனுமதி கேட்க இயலாதோ அவற்றுக்கு நீண்ட வில்லை: பறவைக்கு, யானைக்கு, கோபுரச் சிற்பத்துக்கு, மலைமுடிக்கு. எவரிடம் கேட்க இயலுமோ அவரிடம் கால்நடையாகச் சென்று கேட்டபின் அகல வில்லை. மனிதரை நெருங்கக் காலே ஸூம்.

இதற்கு மறுப்புக் கூறுவோர் உண்டு. கேட்டு எடுத்தால் மனிதர் விறைத்து நிற்பர். அறியாது எடுத்தாலன்றோ இயல்பு தோன்றும் என்பர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயின் விறைப்பு முதற் பத்து நிமிடத்துக்கே. பேச்சுக் கொடுத்து, ஒரு கோப்பை தேநீர் அருந்தி, அங்கேயே அமர்ந்திருப்பவர் முன்னிலையில் எவரும் தம் வேலைக்குத் திரும்பிவிடுவர். அப்போது கிட்டும் இயல்பு பெறப்பட்டது. ஒளிந்து எடுத்தது களவாடப்பட்டது. எடுத்த படத்தை உடனே காட்டலாம் என்பது இலக்கமுறைக் கமராவின் பெருநன்மை. வேண்டாம் என்றால் அழிக்கலாம். வேண்டும் என்றால் அச்சிட்டு ஒரு படி கொடுக்கலாம்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, 2023 ஆம் ஆண்டு யூலை மாத இறுதியில் தலைமன்னாரிற் புறப்பட்ட நடைபவனி ஓகஸ்ட் மாதத்தில் மாத்தளையை வந்தடைந்தது. முன்னோர் நடந்துவந்த வழி அது. அவ்வழியிலே மாண்டவர்க்குப் படமில்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. எஞ்சியுள்ள தடயங்களும் நாள்தோறும் மறைகின்றன. பழைய லயன்கள் இடிகின்றன. அவற்றின் இடத்தில் நல்ல வீடு எழுமாயின் மகிழ்வோம். ஆயினும் இருந்தது எவ்வாறிருந்தது எனப் பேரப்பிள்ளை கேட்கும்போது காட்ட ஒன்று வேண்டும். நாலந்தாக் கெடிகேயை நினைத்துப் பாருங்கள். நீர்த்தேக்கத்தின் பொருட்டு அப்பழைய கற்கோவில் பெயர்க்கப்பட்டு மேட்டுநிலத்தில் மீள எழுப்பப்பட்டது. ஒவ்வொரு கல்லின் இடமும் அறியப்பட்டிருந்தமையாலன்றோ அது மீண்டும் கோவிலாயிற்று! லயனுக்கும் தோட்டத்துச் சிறு கோவிலுக்கும் அத்தகைய குறிப்பு எங்கே?

எனவே பழைய மாணவர்க்கு எமது வேண்டுகோள் இதுவே. விழாவின் நினைவாக விலையுயர்ந்த கேடயம் ஒன்றைக் கொடுப்பதிலும், கையடக்கக் கமரா ஒன்றையும் அதனுடன் தடித்த பதிவேடு ஒன்றையும் கல்லூரிக்குக் கொடுங்கள். கமராவின் விலையில் நூறில் ஒரு பங்குகூட அப்பதிவேடு பெறாது. ஆயினும் அதுவே நீடிக்கும். எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் இடம், நாள், படத்திலுள்ளார் பெயர், அனுமதி தந்தவர் பெயர் ஆகியவற்றை மாணவர் தம் கையால் எழுதட்டும். பறவையாயின் அதன் பெயரையும் எழுதட்டும். படக்கோவைகளை இரண்டு இடங்களிற் காத்து, ஆண்டுக்கு ஐம்பது படங்களையாவது தாளில் அச்சிட்டு நூலகத்தில் வைக்கட்டும்.

கல்லூரி மலர்களில் வரும் குழுப்படங்களை நாம் புரட்டும்போது, முகத்தை விட்டுக் கீழேயுள்ள வரிக்கே கண் முதலிற் செல்கின்றது: இருப்போர் இடமிருந்து வலம், நிற்போர் இடமிருந்து வலம். அரை நூற்றாண்டு கழிந்தும் அப்பிள்ளைகள் இன்னார் என அறிகின்றோம். கல்லூரி தன் மாணவர்க்குச் செய்த அந்தச் சிறு மரியாதையை, மாணவர் தம் தோட்டத்தாருக்கும் ஊராருக்கும் செய்வாராக. அதற்கு உதவும் கமரா எதுவாயினும் அதுவே நல்ல கமரா.